சீமைப் படிப்பும் மனத்தின் சுகமும்

குண்டடத்து வாரச்சந்தையில் ஆட்டு விலையும் மழை நிலவரமும் பேசப்படுகிற அதே மூச்சில் இப்பொழுது இன்னொரு செய்தியும் பேசப்பட்டு வருகிறது. இன்னாருடைய மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் துணித்தொழிற் கல்வி பயில்கிறான்; இன்னாருடைய மகள் ஜெர்மனியில் ஆக்கன் நகரத்துச் சர்வகலாசாலையில் சேர்ந்துவிட்டாள்; இன்னாருடைய பையன் அமெரிக்காவில் படிப்பை முடித்து, 'இன்டர்ன்ஷிப்' என்று சொல்லப்படுகிற தொழிற்பயிற்சியில் அமர்ந்திருக்கிறான். சோளமும் கம்பும் விளைந்த இந்த மானாவாரிப் பூமியிலிருந்து, பனியன் கம்பெனிப் பேருந்தில் ஏறித் திருப்பூருக்குப் போவதே ஒரு காலத்தில் பெரிய பிரயாணமாக இருந்தது. இன்று அந்தப் பேருந்தில் போகிறவர்களின் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள். இதைக் கண்டு மகிழாதவர் தேசத்தின் முன்னேற்றத்தில் அக்கறை இல்லாதவரே ஆவர்.

ஆனால் சந்தையில் பேசுகிறவர்கள் கேட்கிற கேள்விகளை நாம் சற்று உற்றுக் கவனித்தோம். "என்ன செலவாச்சுங்க?" என்பது முதற் கேள்வி. "சம்பளம் எவ்வளவு வருமுங்க?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வி கல்யாணத்தைப் பற்றியது. அந்தப் பையன் இரவில் உறங்குகிறானா, மனம் விட்டுப் பேச அவனுக்கு அங்கே ஒரு மனிதர் உண்டா என்று கேட்டவர் ஒருவரையும் நாம் காணவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று எழுதப் புகுந்தோம்.

இது நம் காலத்தில் புதிதாக முளைத்த சங்கடம் என்று எண்ண வேண்டாம். 1887-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இதே கொங்கு நாட்டு ஈரோட்டில், தாயாரின் பிறந்தகத்தில் பிறந்த ஒரு குழந்தையின் சரித்திரமே இதற்குச் சாக்ஷி. கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்து, 1914-ம் வருஷம் மார்ச் 17-ந் தேதி கப்பலேறிய ஸ்ரீநிவாச ராமாநுஜனைத்தான் குறிப்பிடுகிறோம். அவருடைய கணித மேதையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம்; பள்ளிக்கூடங்களில் படம் மாட்டியிருக்கிறோம். அவர் கேம்பிரிட்ஜில் கழித்த ஐந்து வருஷங்களில் அவர் மனம் என்ன பாடு பட்டது என்பதை மட்டும் நாகரிகமாக மறைத்து வருகிறோம். மறைத்ததனால் பின்னே போகிற பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாடம் கிடைக்காமற் போயிற்று.

அவர் போன சில மாதங்களுக்குள், 1914 ஆகஸ்டில், ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. டிரினிட்டி கலாசாலையின் வாலிபர்கள் போர்முனைக்குச் சென்றார்கள்; அவருடன் கணிதம் பேசிய லிட்டில்வுட் பீரங்கிப் படை வேலைக்குப் போய்விட்டார். எஞ்சியவர்களில் முக்கியமானவர் ஹார்டி. ராமாநுஜனோ கடுமையான மரக்கறி விரதம் பூண்டவர். கலாசாலைப் போஜன சாலையில் உண்ணாமல் தம் அறையிலேயே தனியாகச் சமைத்துக்கொண்டார். மாணவர்கள் பழகி நண்பர்களாவது அந்தப் போஜன சாலையிலேதான் என்பதை நினைக்க வேண்டும். வயிற்றின் தனிமை மனத்தின் தனிமையாகவும் முடிந்தது. ஒரே மூச்சில் இரவும் பகலும் கணக்கில் மூழ்கிப் பிறகு நெடுநேரம் தூங்குவார். சமையல் நாளுக்கு ஒரு முறை, சில சமயம் இரண்டு நாளுக்கு ஒரு முறை. சென்னையிலிருந்து வரவேண்டிய பண்டங்களும் யுத்தத்தினால் ஒழுங்காக வரவில்லை.

இரண்டு சிறு சம்பவங்களைச் சொல்கிறோம். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்த மஹலனோபிஸ் அப்பொழுது கேம்பிரிட்ஜில் மாணவர். குளிர்காலத்தில் ராமாநுஜனைப் பார்க்கப் போனவர், இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். மேலங்கியைப் போர்த்துக்கொண்டு படுப்பதாகவும், அப்படியும் நடுங்குவதாகவும் பதில் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் இருக்கின்றன! மெத்தையோடு சேர்த்து ஒழுங்காக விரித்துச் செருகப்பட்டிருந்த அந்தக் கம்பளிகளுக்கு அடியில் புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமாநுஜனுக்குத் தெரியவில்லை. உலகத்தின் மிகக் கடினமான கணக்குகளைத் தீர்த்தவருக்குக் கம்பளி விஷயம் தெரியாததில் இழிவு ஒன்றும் இல்லை. சொல்லிக் கொடுப்பதற்கு ஒருவர் உள்ளே வந்து பார்க்கிற வரையில் அவர் வாய் திறந்து கேட்கவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது.

மற்றொரு நாள் சாட்டர்ஜி என்ற இந்திய நண்பரையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்மணியையும் விருந்துக்கு அழைத்துத் தம் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். இரண்டு முறை ரசம் வாங்கி உண்ட விருந்தினர் மூன்றாம் முறை போதுமென்றனர். சற்று நேரத்தில் ராமாநுஜனைக் காணோம். சில நாட்களுக்குப் பிறகு ஆக்ஸ்போர்டிலிருந்து, ஐந்து பவுன் அனுப்பும்படி தந்தி வந்தது. ஒரு கிண்ணம் ரசத்துக்காக இவ்வளவா என்று சிரிக்கத் தோன்றும். மனம் நைந்து போன நிலையில் சிறு மறுப்புக்கூடப் பெரிய அவமானமாகப் படும். இது அறிவுக் குறைவன்று. சோர்ந்த மனத்தின் இயல்பு. இப்படிப்பட்ட திடீர்க் கோபத்தையும் மறைவையும் இன்று நம் பிள்ளைகளிடம் காணும் நண்பர்கள், 'திமிர் பிடித்தவன்' என்று ஒதுக்காமல், அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

1917-ல் உடல் நோயும் வந்து சேர்ந்தது. காசம் என்று வைத்தியர்கள் கருதினார்கள். குடலிலிருந்து ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஓர் ஆங்கில மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். நோய் எதுவாயினும், ஜன்னல்களைத் திறந்து வைத்துக் குளிர்காற்றில் நோயாளியைக் கிடத்துகிற அக்காலத்து ஆரோக்கிய சாலைகளில் தென்னாட்டு மனிதர் பட்ட துன்பத்தை ஊகிக்கலாம். அவ்வருஷம் அக்டோபரில் டிரினிட்டியின் பெல்லோ பதவிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஊரிலோ மாமியாருக்கும் மருமகளுக்கும் மனஸ்தாபம். தாம் எழுதிய கடிதங்களையும் கணவரிடமிருந்து வந்த கடிதங்களையும் மாமியார் தடுத்துவிட்டதாக ஜானகியம்மாள் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். மனைவியிடமிருந்து பதிலே வராத காரணம் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் நோய்ப் படுக்கையில் கிடந்தவருக்கு எப்படித் தெரியும்?

1918-ம் வருஷத் தொடக்கத்தில் லண்டன் நிலத்தடி ரெயில் நிலையம் ஒன்றில் ராமாநுஜன் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். பணியில் இருந்த காவலர் ஒருவர் விழிப்பாயிருந்ததனால் பிழைத்தார். அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி அது குற்றம். காயத்துடன் பிழைத்த மனிதரை ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு முன் போலீஸ் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். ஹார்டி ஓடி வந்து தம் செல்வாக்கினால் மீட்டார். அதே வருஷம் மே மாதம் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராகத் தேர்ந்தது. அக்டோபரில் டிரினிட்டியும் பெல்லோவாக ஏற்றது. சில மாத இடைவெளிதான். இருட்டில் நிற்பவனுக்கு விடியல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது தெரிவதில்லை. அதனால்தான் அவனருகில் யாராவது நிற்க வேண்டியிருக்கிறது.

ஹார்டியைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ராமாநுஜனை உலகத்துக்குக் காட்டியவர் அவர். அநேகமாகத் தினந்தோறும் சந்தித்து வந்தும், கேட்டிருக்க வேண்டிய பல விஷயங்களைத் தாம் கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே வருந்தினார். அவர் வருந்தியது கணிதத்தின் விஷயமாக. ஆனால் அவருடைய வருத்தம் இன்றைய ஆசிரியர்களுக்கும் கம்பெனி மேலதிகாரிகளுக்கும் முற்றிலும் பொருந்தும். ஆராய்ச்சி வழிகாட்டி என்பவர் ஆராய்ச்சிக்கு மட்டுமே வழிகாட்டி. அவரையே தாயும் தந்தையுமாக நம்பிவிட்டு, மனக்குறையை அவர் தாமாகவே கண்டுகொள்ளுவார் என்று காத்திருப்பது வீண்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம்மிடையே உண்டு. 1888-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி பம்பாயில் கப்பலேறிய 18 வயது வாலிபர் மோகன்தாஸ் காந்தி, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் போனவர். கடல் கடந்ததற்காக ஜாதியாரால் விலக்கப்பட்டவர். லண்டனில் முதல் நாட்களில் தாயையும் வீட்டையும் நினைத்து இரவெல்லாம் கண்ணீர் வடித்ததாகத் தமது சத்திய சோதனையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவரும் மரக்கறி விரதத்தினால் பட்டினி கிடந்தார். ஆயினும் அவர் அறையில் அடைந்து கிடக்கவில்லை. நாள்தோறும் பல மைல் நடந்து தேடி, பாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவுச் சாலையைக் கண்டுபிடித்தார். அங்கே உணவு மட்டுமா கிடைத்தது? புத்தகம் கிடைத்தது, ஒரு சங்கம் கிடைத்தது, அச்சங்கத்தின் நிர்வாக சபையிலேயே இடம் கிடைத்தது. எந்த விரதம் அவரைப் பிறரிடமிருந்து பிரித்ததோ அதே விரதம் அவரைப் பிறரோடு சேர்த்தது. ராமாநுஜனுக்கு நேர்ந்தது யுத்த காலம், நோய், ஆராய்ச்சியின் வேகம்; காந்திக்கு அமைந்தது சமாதான காலம். ஆகையால் ஒருவரைப் பலவீனர் என்றும் மற்றவரைப் பலசாலி என்றும் தராசில் நிறுப்பது நியாயமாகாது. ஆனால் வழி எது என்பது இவ்விருவர் வாழ்விலும் தெரிகிறது.

காந்தி லண்டனில் இருந்தபோது அவர் தாயார் காலமாகிவிட்டார். அந்நிய மண்ணில் அவர் மனம் உடைந்து போகுமென்று தமையனார் அச்செய்தியை மறைத்தார். 1891-ல் பம்பாயில் இறங்கிய பிறகே சொன்னார். அன்பினால் செய்த காரியந்தான். இன்றும் நம் குடும்பங்களில், பரீக்ஷை சமயம் என்று பாட்டியின் மரணத்தை மறைப்பதும், பயிற்சி முடியட்டும் என்று தகப்பனாரின் நெஞ்சு நோயை மறைப்பதும் சர்வசாதாரணம். நாம் இதற்குச் சம்மதியோம். கடிதம் ஒரு மாதம் பிரயாணம் செய்த காலத்தில் மறைப்பதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று பங்காளி வீட்டுப் பையனின் கைப்பேசி வழியாக அரை மணியில் செய்தி போய்விடுகிறது. வீட்டார் மறைத்ததை அயலார் சொல்லித் தெரிந்துகொண்டவன், அதற்குப் பிறகு "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்ற சொல்லை எப்படி நம்புவான்?

மறைப்பது இரு பக்கத்திலும் நடக்கிறது. "சாப்பிட்டாயா, சாமி?" என்று தாய் கேட்கிறாள். "சாப்பிட்டேனுங்கம்மா" என்று மகன் சொல்கிறான். காணொளியில் முகம் தெரிகிறது; விளக்கு வெளிச்சத்தில் நன்றாகவே தெரிகிறது. அவன் மூன்று நாளாக வகுப்புக்குப் போகவில்லை என்பது தெரியாது. இங்கிலாந்துக்கும் நமக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம். நம் தாய்மார் இரவு எட்டு மணிக்கு அழைக்கும்போது அங்கே பிற்பகல் இரண்டரை; அப்பொழுது அவன் படுக்கையில் இருந்தால் அது சோம்பலா, வியாதியா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

அவன் மறைப்பதற்குக் காரணம் கடன். ஏழரை லக்ஷம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குப் பொதுத்துறை வங்கிகள் சாதாரணமாகச் சொத்து ஈடு கேட்கின்றன. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது என்ற நினைவு, பரீக்ஷை மண்டபத்திலும் அவன் கூடவே உட்கார்ந்திருக்கிறது. 'நான் தோற்றால் தோற்பது நான் மட்டுமல்ல' என்ற பாரத்தை இருபத்திரண்டு வயதுத் தோளில் ஏற்றிவிட்டு, தைரியமாயிரு என்று சொல்வதில் என்ன பிரயோஜனம்? கடன் விஷயத்தைப் பெற்றோரும் பிள்ளையும் புறப்படுவதற்கு முன்பே ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பேசிவிட வேண்டும். படிப்பு நடுவில் நின்றால் என்ன செய்வது என்பதையும் அன்றே பேச வேண்டும். அபசகுனம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பயிர் செய்கிற குடியானவன் மழை பொய்த்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசிப்பதில்லையா?

கடனோடு காலக் கெடுவும் சேர்ந்துகொள்கிறது. இங்கிலாந்தில் மாணவர் அநுமதியில் இருப்போர் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது. ஜெர்மனியில் 2024 முதல் வருஷத்துக்கு 140 முழு நாட்கள். அமெரிக்காவில் படிப்புக்குப் பின் தரப்படும் ஒரு வருஷப் பயிற்சிக் காலத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருத்தல் ஆகாது. அந்தத் தொண்ணூறு நாட்களை எண்ணிக்கொண்டே விண்ணப்பம் அனுப்புகிறவனின் நெஞ்சை நாம் அறிந்துகொள்ள வேண்டும். தொழிற்பயிற்சியில் அமர்ந்தவனுக்கோ வேறு கவலை. வகுப்பில் தவறு செய்தால் மதிப்பெண் குறையும். பயிற்சியில் தவறு செய்தால் நிரந்தர வேலை போய்விடுமோ என்ற பயம் கூடவே இருக்கிறது. தெரியாததைக் கேட்டால் மதிப்புக் குறையும் என்று எண்ணி நள்ளிரவு வரையில் தனியே மல்லாடுகிறான். பயிற்சிக்கு வந்தவன் கேள்வி கேட்பதற்கே வந்தவன் என்பதை அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

வெயிலைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியாது. நம்மவருக்கு வெயில் என்றால் ஒதுங்கத் தோன்றும். லண்டனில் டிசம்பர் மாதத்தில் பகற்பொழுது எட்டு மணிக்கும் குறைவு. இருட்டில் எழுந்து, இருட்டில் வீடு திரும்புகிறவர்களில் சிலருக்கு அந்தக் காலத்தில் மட்டும் மனச்சோர்வு வருவதை வைத்திய நூலார் மனச்சோர்வு நோயின் ஒரு வகையாகவே வகுத்திருக்கிறார்கள். வெளிச்சம் இருக்கிற நேரத்தில் அரை மணியாவது வெளியே நடப்பது அங்கே மருந்துக்குச் சமானம். மரக்கறி உண்போருக்கு பி12 சத்துக் குறைந்தாலும் அசதியும் சோர்வும் உண்டாகும்; ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது. எல்லாச் சோர்வுக்கும் விதியையும் கிரகத்தையும் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எப்பொழுது கவலைப்பட வேண்டும்? வீட்டு நினைவு எல்லாருக்கும் வரும். சில வாரங்களில் தணியும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, முன்பு பிரியமாயிருந்த காரியங்களில் மனம் செல்லாமல், மனிதரைத் தவிர்த்து, தன்னைப் பிறருக்குப் பாரம் என்று ஒருவன் பேசத் தொடங்கினால் அது வைத்தியரிடம் போக வேண்டிய நிலை. அப்பொழுது நண்பன் நேராகவே கேட்கலாம்: உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று. கேட்பதனால் அந்த எண்ணம் விதைக்கப்படும் என்ற பயம் ஆதாரமற்றது. கேட்டபின்தான் பலருக்கு நாவு எழுகிறது.

மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் மனநல ஆலோசகர் அநேகமாக எங்கும் உண்டு. மாணவரிடம் அதற்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் வாங்குவதில்லை. அங்கே பேசுவது, உயிருக்கு ஆபத்தான நிலை ஒழிய, ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ போவதில்லை. போனால் விசா போய்விடும் என்று நம் பிள்ளைகளுக்குள் உலாவும் வதந்திக்கு ஆதாரமில்லை. இங்கிலாந்து போகும் மாணவர் 2024 பிப்ரவரி முதல் வருஷத்துக்கு 776 பவுன் சுகாதார வரியாக முன்பணம் கட்டுகிறார்கள். கட்டிய பணத்துக்கு உரிய வைத்தியத்தைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் என்ன? போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வட்டார வைத்தியரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். நோய் முற்றிய பிறகு விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெம்பு இராது. அவசர வேளையில் பேச இங்கிலாந்தில் 116 123, அமெரிக்காவில் 988, ஜெர்மனியில் 0800 111 0 111 என்ற எண்கள் இருக்கின்றன. புறப்படுகிறவன் இவற்றைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

இங்கே நம் பக்கத்தில் பெரிய தடை ஒன்று இருக்கிறது. மனத்தில் சிறு நோவு என்றாலும் "கீழ்ப்பாக்கத்துக்குப் போகணுமா?" என்று கேலி பேசுகிற பழக்கம் நம் நாவிலிருந்து இன்னும் போகவில்லை. சட்டமே நம்மைவிட முன்னே போய்விட்டது. இங்கிலாந்து 1961-லேயே தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நம் தேசத்தில் 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டுமென்று விதித்து, அவருக்குச் சிகிச்சை அளிப்பதை ஸர்க்காரின் கடமையாக்கியது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த நியாய சம்ஹிதையில் பழைய 309-ம் பிரிவு இடம் பெறவில்லை. (அரசாங்க ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு செய்வதை மட்டும் அது தண்டிக்கிறது, உண்ணாவிரதம் இருக்கும் அன்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.) 1918-ல் ராமாநுஜனுக்குக் கிட்டாத கருணையைச் சட்டம் இன்று தருகிறது, ஊரார் நாவு இன்னும் தரவில்லை.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. விமான நிலையத்துக்கு மாலையோடு போகிற உற்சாகத்தில் ஒரு பகுதியை, படிப்பு முடியாமல் திரும்பி வருகிறவனிடமும் காட்ட வேண்டும். அவன் வந்த வாரத்திலேயே "ஏன் வந்துட்டே?" என்று விசாரிக்கப் படையெடுப்பது கொடுமை. குண்டடம், தாராபுரம், பல்லடம் பகுதிகளிலிருந்து வெளிநாடு போயிருப்பவர்களின் குடும்பங்கள் மாதம் ஒரு முறை கூடிப் பேசுவதற்கு ஒரு மண்டபமும் ஒரு பாய் விரிப்பும் போதும். முன்னே போய்த் திரும்பிய ஒருவர், கம்பளிக்குள் எப்படிப் படுப்பது என்பதிலிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுக்கலாம். பெற்றோருக்கே துக்கம் அதிகமானால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

1919 மார்ச்சில் ராமாநுஜன் பம்பாய் வந்து இறங்கினார். அவ்வருஷக் கோடையில் காவிரிக் காற்று நல்லதென்று அவரைக் கொடுமுடிக்கு அழைத்து வந்து சில காலம் வைத்திருந்தார்கள். தாராபுரத்துக்கு அக்கம்பக்கத்து ஊர்தான். அங்கே அவருக்குப் பிடித்த சாப்பாடு இருந்தது. பேசுவதற்குத் தமிழ் இருந்தது. கடிதங்கள் தடுக்கப்பட்ட மனைவி அருகில் இருந்தாள். உடல்தான் ஒத்துழைக்கவில்லை. 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் 32-ம் வயதில் அவர் காலமானபோது, படுக்கையிலேயே எழுதிய கணக்குத் தாள்களை எடுத்து வைத்தவர் ஜானகியம்மாள்.